ஐந்தாவது பெட்டி

படம் ரொம்ப நல்லா இருந்தது, கூப்பிட்டதுக்கு நன்றி. இவ்வளவுதான். இதைச் சொல்லிவிட்டு இறங்கி வந்து உட்கார்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று, விளக்கை அணைப்பதற்கு முன்பே ராசாமணி நாலு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டாள். அந்தத் திரைப்படக் கழகத்தில் ஒரு வழக்கம் இருந்தது, எந்தப் புண்ணியவான் ஆரம்பித்து வைத்ததோ தெரியாது: முதல் தடவையாகப் படம் பார்க்க வருகிறவர் யாரோ, அவர்தான் படம் முடிந்ததும் முதலில் மேடையேறி ரெண்டு வார்த்தை பேச வேண்டும். படித்தவர்கள் பேசிப் பேசிக் கெடுப்பதற்கு முன்னால் புதுக் கண் என்ன பார்த்தது என்று தெரிந்துகொள்ளவாம். இன்றைக்கு அந்த நூலக மாடியில் கூடியிருந்த அறுபது பேரில் புதுக் கண் அவள் ஒருத்திதான். முப்பத்தோரு வருஷம் டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பேசியவள், ஆனால் அதில் முகம் கிடையாது, முகம் இல்லாத இடத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். மேடையில் முகம் இருக்கும். முன்பே வந்து பழகிய மகள் மேகலா பக்கத்து நாற்காலியிலிருந்து குனிந்து, “அம்மா, பயப்படாத. நல்லாருந்துச்சுன்னு சொல்லிட்டு வந்துரு, அது போதும்” என்றாள். பயமா? யாருக்குப் பயம்? பேசுவதற்கு ராசாமணிக்குப் பயம் இல்லை. பேச ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்பதுதான் பயம். வருகிற வெள்ளிக்கிழமை மேகலாவுக்கு நிச்சயம். மாப்பிள்ளைப் பையனின் அப்பா பேராசிரியர் சென்னியப்பன், இந்தக் கழகத்தின் செயலாளர், அதோ மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறாரே, அவரேதான். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவர் காபியை ஆற்றிக்கொண்டே, “உங்கம்மா என்னுங்க பண்ணீட்டிருந்தாங்க?” என்று சும்மாதான் கேட்டார். “அம்மா ஊட்டோட இருந்தாங்க” என்று இவளும் சும்மாதான் சொன்னாள். நாக்கு அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. நாற்பத்து நாலு வருஷமாகப் பழகின பொய், அதற்கு யோசிக்க என்ன இருக்கிறது.

சென்னியப்பன் பேசினார். நல்ல மனுஷர், குரலில் கனிவு உண்டு, அதுதான் கஷ்டமாக இருந்தது. “ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பதுல வந்த படமுங்க இது, களஞ்சியக் காவலன். நம்மூர் ஸ்டுடியோவுலயே எடுத்தது. ரெண்டு வாரங்கூட ஓடலை. பிரிண்டே இல்லைன்னு நெனச்சிட்டிருந்தோம். போன வருசந்தான் நீலகிரியில ஒரு தேயிலைத் தோட்டத்துக் கிளப் பரண்மேல அஞ்சு பெட்டி கெடைச்சுது. வறுமையையும் பேராசையையும் பத்தி இப்பிடி ஒரு சரித்திரப் படம் அந்தக் காலத்துல எடுத்திருக்காங்கன்னா நம்ப முடியாதுங்க.” அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “இதுல ஒரு வேடிக்கை கேளுங்க. பஞ்சத்துல அடிபட்ட ஜனமா நிக்கறதுக்கு மில்லுப் பக்கத்து ஆளுகளக் கூட்டிட்டு வந்திருக்காங்க. சீனுக்குன்னு குவிச்சு வெச்ச அரிசிய அவிங்க மடியில கட்டீட்டு நடையக் கட்டிட்டாங்களாம்! டைரக்டரே பின்னால ஒரு பேட்டியில சொல்லியிருக்காரு. பேராசையப் பத்திப் படம் எடுத்தா, படத்தையே திருடிட்டுப் போயிட்டாங்க பாருங்க!” அறை சிரித்தது. முன்வரிசை வக்கீல் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். மேகலாவும் சிரித்தாள், கெட்ட எண்ணம் ஏதும் இல்லாமல், வாயைப் பொத்திக்கொண்டு, மாமனாராகப் போகிறவர் சொன்ன நகைச்சுவைக்குக் கொடுக்க வேண்டிய அளவுக்கு மரியாதையாகச் சிரித்தாள். சிரிக்காதே என்று சொல்ல முடியுமா? அது உன் அம்முச்சி, என்னைப் பெற்றவள் என்று இவள் எப்போதாவது சொல்லியிருந்தால் அல்லவா சிரிக்காமல் இருப்பாள். குற்றம் யாருடையது? ராசாமணியின் கை முந்தானையைப் பற்றி இறுக்கிக்கொண்டது. விளக்கு அணைந்தது.

முதல் பெட்டி. இருட்டில் புரொஜெக்டர் தையல் மெஷின் மாதிரி ஓடிற்று. திரையில் பேர்கள் வந்தன, வந்துகொண்டே இருந்தன, பாட்டு எழுதியவர், நடனம் சொல்லிக் கொடுத்தவர், நகைகள் உதவிய கடை. நகைக்கடைக்குப் பேர் உண்டு. அரிசிக்கு நின்றவர்களுக்குப் பேர் கிடையாது. அவள் கண் தன்னையும் மீறி மேலிருந்து கீழே ஓடித் தேடித்தான் பார்த்தது, முட்டாள் கண். பிறகு ஒரு கோட்டை, அதன் அட்டைச் சுவர் காற்றில் லேசாக ஆடியது. மூன்று வருஷமாக மழை இல்லாத நாடாம். பஞ்சத்தில் வாடும் கதாநாயகனுக்கு என்ன கன்னம், என்ன கழுத்து! தலையில் எண்ணெய் வழிய வழிய வந்து நின்று, ஐயகோ இந்த நாட்டில் அன்னம் இல்லையா என்று கேட்டான். இல்லாமலா இப்படி இருக்கிறாய் அப்பனே என்று ராசாமணிக்குச் சிரிப்பு வந்தது. கிணற்றடியில் நாலு பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டு வெறுங்குடத்தைச் சுற்றினார்கள். சரி, இப்படித்தான் இருக்கும், பாடி ஆடி முடித்து வீட்டுக்குப் போகலாம் என்று அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அலட்சியமாகப் பார்ப்பது என்று முடிவு கட்டிக்கொண்டாள். ஆனால் களஞ்சிய அதிகாரி மார்த்தாண்டனாக வந்தவன் அலட்சியப்படுத்த விடவில்லை. அவன் கத்தவில்லை, மீசையை முறுக்கவில்லை. ஒரு பிடி நெல்லை எடுத்துக் காதருகே வைத்து, ஒவ்வொரு மணியாக மறு கையில் விழவிட்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். குழந்தை தூங்குகிறதா என்று மூச்சைக் கேட்கிற தாயின் முகம் அவனுக்கு. பேராசைக்கு இப்படி ஒரு முகம் இருக்கும் என்று ராசாமணி நினைத்ததே இல்லை. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தன்மேலேயே கோபம் வந்தது. யார் எடுத்த படம் இது, எவன் எடுத்த படம், அதைப் பார்த்து நீ உருகுகிறாயா?

ஒரே ஒரு புரொஜெக்டர்தான், அதனால் ஒவ்வொரு பெட்டி முடியும்போதும் விளக்கைப் போட்டுவிட்டு, அடுத்த பெட்டியை மாட்ட ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டார் ஆபரேட்டர் தாமோதரன். அந்த வெளிச்சத்தில் எல்லோரும் திடீரென்று மனுஷர்களாகி இருமினார்கள். சென்னியப்பன் வந்து குனிந்து, “எப்பிடீங்க இருக்குது? பழைய படம், சித்த மெதுவாத்தான் போகும்” என்றார். “நல்லாருக்குதுங்க” என்றாள். அது பொய்யில்லை என்பதுதான் வேடிக்கை. “நாலாவதும் அஞ்சாவதும் கொஞ்சம் அடிபட்ட பெட்டி. அறுந்து போச்சுன்னா பாதியில நிறுத்த வேண்டியதுதான், வேற வழியில்லை” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அறுந்து போனால். அவள் எதற்கு வந்தாள்? மகளுக்காக, மரியாதைக்காக, சம்பந்தம் பேசின இடம் கூப்பிட்டதற்காக. இதெல்லாம் மேகலாவிடம் சொன்ன காரணம். அழைப்புக் கடிதத்தில் படத்தின் பேரைப் பார்த்ததும் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றாளே, அது வேறு காரணம். அம்மாவுக்கு ஒரு போட்டோ கிடையாது. ஒன்றுகூட. கல்யாணத்துக்கு எடுக்கவில்லை, மில்லில் எடுத்தது மில்லோடு போயிற்று, அறுபத்தொன்றில் செத்தபோது எடுக்கலாம் என்று யாரோ சொல்ல, போட்டோக்காரர் வருவதற்குள் தூக்கிவிட்டார்கள். இவள் வேலைக்குச் சேர்ந்ததைப் பார்க்கவும் இல்லை. இவள் நினைவில் இருக்கிற முகம் உபயோகித்து உபயோகித்துத் தேய்ந்து, இப்போது அதில் பாதி இவளே போட்டு நிரப்பியதுதான். இந்த உலகத்தில் நஞ்சம்மாள் என்கிறவள் எங்கேயாவது பதிவாகி இருந்தால், அது அந்த அடிபட்ட பெட்டிகளில் ஒன்றில்தான் இருக்க வேண்டும். இல்லாமலும் போகலாம். வெட்டி எறிந்திருக்கலாம். கூட்டத்தில் ஒரு முதுகாக மட்டும் இருக்கலாம்.

ரெண்டாவது பெட்டியில் அந்தக் காவல்காரன் வந்தான், களஞ்சியக் காவலன், அவன் பேரில்தான் படமே. நெல் மலையைக் காவல் காக்கிறவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அவன் வேலைக்குப் போகும் முன் உள்ளங்காலில் வேப்பம் பிசினைத் தடவிக்கொள்கிறான். நாளெல்லாம் களஞ்சியத்துக்குள் நடக்கிறான். வாசலில் சோதனை போடுகிறார்கள், கையை விரித்துக் காட்டுகிறான், இடுப்பை அவிழ்த்துக் காட்டுகிறான், காலைத் தூக்கிக் காட்டச் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி அவன் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நெல்லாகச் சுரண்டி எடுக்கிறாள். பேச்சே இல்லை. எண்ணெய் விளக்கு அவள் முகத்தில் பாதியைத்தான் காட்டுகிறது, மீதி இருட்டு, அந்த இருட்டிலிருந்து விரல் வந்து வந்து போகிறது. ராசாமணி வாய்விட்டு, “அடப்பாவி” என்றாள். நல்ல படம். மறுக்கவே முடியாத நல்ல படம். அந்த டைரக்டருக்குப் பசி தெரிந்திருக்கிறது. சோதனை போடுகிற வாசல் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் செய்திருக்கிறான், அதுதான் மன்னிக்க முடியவில்லை. தெரியாதவனாக இருந்திருந்தால் போகிறான் என்று விட்டிருக்கலாம். அவனுக்கும் ஒரு வாசல் இருந்தது. அந்த வாசலுக்கு வெளியே எட்டு வயசு ராசாமணி நின்றிருந்தாள்.

ஸ்டுடியோவின் பச்சை பெயிண்ட் அடித்த தகரக் கதவு. அதன் கீழே ஒரு சாண் இடைவெளி, அதற்குள் கால்கள் போய் வருவது தெரியும். அம்மா வேலை பார்த்த மில் கதவடைத்து நாலாவது மாதம். ஆள் பிடிக்கிற ஏஜெண்ட், மில்லுக்காரர்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்கு வந்து, படத்துக்குப் பஞ்சத்து ஜனம் வேண்டும், நாள் கூலி, மத்தியானம் சோறு என்றான். ஆனால் முதல் நாள் சாப்பிடாமல் வரவேண்டும், முகத்தில் தெரிய வேண்டும் என்றான். அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள், செத்துப்போகும் வரைக்கும் சிரித்தாள். “எங்களப் பட்டினி கெடந்துட்டு வரச் சொன்னான் கண்ணு. அதுக்கு என்னத்துக்குத் தனியாச் சொல்லோணும்?” சின்னப் பிள்ளைகள் வேண்டாம் என்று கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். காலையிலிருந்து நின்றாள். வெயில் ஏறியது, இறங்கியது. உள்ளே ஒரு பெரிய இரைச்சல் கேட்டது, மழை வருகிற மாதிரி. பிறகு ஒருவன் கத்தினான். பிறகு நிறையப் பேர் கத்தினார்கள். கதவு திறந்தது. அம்மா வந்தாள், ரெண்டு பக்கமும் காக்கிச் சட்டைக் காவலாளிகள். ஒருவன் அவள் மடியைப் பிடித்து இழுத்து முடிச்சை அவிழ்த்தான், தெருவில், எல்லோரும் பார்க்க. வெள்ளை வெளேரென்று அரிசி கொட்டியது. மண்ணில் கொட்டிற்று. அந்த வருஷம் ரேஷன் கடையில் அப்படி வெள்ளை அரிசியை ராசாமணி பார்த்ததே இல்லை. அவள் ஓடிப்போய் உட்கார்ந்து ரெண்டு கையாலும் அள்ளினாள், கல்லும் மண்ணுமாக. அம்மா அவள் தோளைப் பிடித்துத் தூக்கினாள், வலிக்க வலிக்கத் தூக்கினாள். “பொறுக்காத கண்ணு. எந்திரி.” ஏன் பொறுக்கக் கூடாது? கொட்டினது கொட்டினதுதானே, அவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளப் போவதில்லை. ஏன்? அன்றைக்கு ராத்திரி பசித்தது. நாற்பத்து நாலு வருஷமாக அந்த ‘பொறுக்காத’ வருகிறது, டிரங்க் கால் காத்திருக்கிற இடைவெளியில் வருகிறது, பஸ்ஸில் வருகிறது. வெட்கத்தில் சொன்னாள் என்றுதான் இவள் வைத்துக்கொண்டிருந்தாள். வெட்கப்பட்டவள் பெற்ற பெண் வெட்கப்படுவது நியாயம்தானே. அரிசிக்காரி மகள், சினிமா அரிசி, என்று பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். மில் திறந்தபோது திருட்டுப் பேர் வாங்கினவளை உள்ளே சேர்க்கவில்லை. படம் வந்தபோது லைன் வீட்டு ஜனமெல்லாம் போய்ப் பார்த்தது, அம்மா போகவில்லை, இவளையும் விடவில்லை. எப்படியாவது பார்த்துவிடலாம் என்று இவள் நினைப்பதற்குள் படமும் போய்விட்டது.

மூன்றாவது பெட்டி ஓடியதே தெரியவில்லை. ஒரு நகைச்சுவைக்காரன் வந்து கழுதையோடு பேசினான், அறை சிரித்தது, மேகலா சிரித்தாள். ராசாமணி இன்னும் மனசுக்குள் அந்தத் தகரக் கதவருகேதான் நின்றுகொண்டிருந்தாள். நாலாவது பெட்டியில் மார்த்தாண்டனின் மரக்காலைக் காட்டினார்கள், ஜனங்களுக்கு அளந்து கொடுக்கிற மரக்கால், உள்ளே பாதி உயரத்தில் இன்னொரு அடிப்பாகம் வைத்து அடைத்தது. வெளியே பார்த்தால் முழு மரக்கால். ஒரு குருட்டுக் கிழவன் கையை உள்ளே விட்டுத் தடவிக் கண்டுபிடிக்கிறான். நடித்தவனுக்கு என்ன கை! விரல் அந்தப் பொய் அடியைத் தொட்டதும் நின்றது, இன்னொரு தடவை தொட்டது, பிறகு மெல்ல வெளியே வந்து தன் வயிற்றின்மேல் உட்கார்ந்தது. முன்வரிசை வக்கீலும் மூச்சுவிடாமல் பார்த்தார். அப்போதுதான் படம் அறுந்தது. திரை வெள்ளையாயிற்று, விளக்கைப் போட்டார்கள். ராசாமணி எழுந்தே விட்டாள். “என்னம்மா?” என்றாள் மேகலா. “ஒண்ணுமில்ல.” தாமோதரன் எதையோ வெட்டி ஒட்டினார். சென்னியப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நிறுத்திவிடலாமா என்று ஒரு குரல் கேட்டது. நிறுத்தேன், பார்க்கலாம், என்று அவளுக்குள் ஒருத்தி பல்லைக் கடித்தாள். இவ்வளவு தூரம் வந்த பிறகு நிறுத்தினால் நான் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன், திருடி மகள்தானே, திருடிக்கொண்டு போகிறேன். இப்படி நினைத்ததும் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்த வார்த்தையை மனசுக்குள்கூட அவள் சொல்லிக்கொண்டது கிடையாது. சொன்னால் ஒன்றும் ஆகவில்லை. விளக்கு அணைந்தது.

ஐந்தாவது பெட்டி. பாட்டு இல்லை. வாத்தியம் எதுவும் இல்லை. காவல்காரனின் குழந்தை செத்த பிறகு அவன் சாவியை எடுத்துக்கொண்டு நடக்கிறான், செருப்பில்லாத காலின் சத்தம் மட்டும். களஞ்சியத்தின் கதவு திறக்கிறது. கேமரா உள்ளேயிருந்து வாசலைப் பார்க்கிறது. வாசலில் ஜனம். இவர்கள் யாரும் எண்ணெய் தடவிய தலைக்காரர்கள் இல்லை. கன்னம் இல்லாதவர்கள். அடடா, இது கருப்பாத்தா அல்லவா, எதிர் லைன் கருப்பாத்தா, கையில் வெங்கலக் காப்பு. அது யார், எங்கள் லைன் ஊமையன் மாதிரி இருக்கிறது. சிரித்துக்கொண்டே வருகிறானே! படுபாவி, பஞ்சத்தில் சிரிக்கலாமா? அவர்கள் ஓடவில்லை. சரித்திரப் படத்தில் ஜனம் ஓ என்று கத்திக்கொண்டு ஓடிவரும். இவர்கள் மெதுவாக, நம்பாமல், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வந்தார்கள், நிஜமாகவே எடுத்துக்கொள்ளலாமா என்கிற மாதிரி. நிஜமாகத்தான் நினைத்துக்கொண்டு வந்தார்கள்! கதையை முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தான் உதவி டைரக்டர்: கடைசியில் களஞ்சியம் திறக்கும், ஜனங்களெல்லாம் வந்து எடுத்துக்கொள்வீர்கள். எடுத்துக்கொள்வீர்கள் என்றால் எடுத்துக்கொள்வார்கள். அதற்கு இன்னொரு அர்த்தம் உண்டு என்று லைன் வீட்டுக்காரர்களுக்கு எப்படித் தெரியும்? சினிமாவில் சொல்கிற சொல் எவனோ ஒருவன் சத்தம் போட்டதும் செல்லாமல் போகும் என்று யார் சொன்னார்கள்? “அவிங்கதான எடுத்துக்கச் சொன்னாங்க. எடுத்தேன். பொறவு எவனோ ‘கட்’டுன்னு கத்துனான். அவன் கத்துனா அரிசி அரிசி இல்லாமப் போயிருமா?” அம்மாவின் கேள்வி.

இடது ஓரத்தில் ஒரு பீச்சாங்கை. அதைத்தான் முதலில் பார்த்தாள். குவியலின் வெள்ளையில் இடது கை ஒன்று முழங்கை வரைக்கும் போயிற்று. அம்மாவுக்கு எல்லாமே இடது கைதான், மில்லில் அதற்காகத் திட்டு வாங்குவாள். கை வெளியே வந்தது. விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டு வந்தது அரிசி இல்லை, உமி. ராசாமணிக்கு இது தெரியும், அம்மா சொல்லியிருக்கிறாள், குவியலுக்கு அடியில் வெறும் உமி, மேலே மட்டும் படத்துக்கு வெள்ளையாகத் தெரிய ஒரு விரற்கடை அரிசி. கள்ள மரக்காலைக் காட்டிப் படம் எடுத்தவனின் குவியலுக்கும் பொய் அடி. அந்தப் பெண் உமியை ஊதினாள். நிமிர்ந்தாள். முகம் வந்தது. முப்பது வயசுகூட இராது. ஐயோ, எவ்வளவு சின்னப் பெண்! மேகலாவுக்கு அக்கா மாதிரி இருக்கிறாள். அந்த மோவாய் மேகலாவுடையது. ராசாமணி மனசில் நிரப்பி வைத்திருந்த முகத்தில் ஒன்றுகூடச் சரியில்லை, இதுதான் சரி. அவள் நேராகக் கேமராவைப் பார்த்தாள். கேமராவைப் பார்க்காதீர்கள் என்று பத்துத் தடவை சொல்லியிருந்தார்களாம், பார்த்தால் கூலி கிடையாது என்றார்களாம். பார்த்தாள். மேல் அரிசியை மட்டும் வழித்து ஒரு கை, ரெண்டாவது கை, மூன்றாவது கை, மடியில் போட்டாள். கண்ணை எடுக்கவில்லை. மடியை முறுக்கி முடிச்சுப் போட்டாள், அப்போதும் எடுக்கவில்லை. வாய் அசைந்தது. என்னமோ சொன்னாள். அதன்மேல் கூட்டத்தின் இரைச்சலைப் போட்டு மூடியிருந்தார்கள். முப்பத்தோரு வருஷம் எத்தனையோ கோளாறான லைனில் எத்தனையோ பேர் சொன்னதைக் கேட்டுக் கண்டுபிடித்தவளுக்கு அது மட்டும் கேட்கவில்லை. பிறகு அவள் திரும்பி, வாசலை நோக்கி நடந்தாள். ஒளியவில்லை, ஓடவில்லை. ரேஷன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற நடை. வெளிச்சமாக இருந்த வாசலில் அவள் முதுகு சின்னதாகி மறைந்தது. அந்த வாசலுக்கு அப்பால்தான் பச்சைத் தகரக் கதவு. அந்தக் கதவுக்கு அப்பால்தான் நான்.

பொறுக்காத கண்ணு. எந்திரி. அது வெட்கம் இல்லை. ராசாமணிக்கு இப்போது முழுசாகக் கேட்டது, அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்தோடு கேட்டது. எடுத்துக்கொள் என்றார்கள், எல்லோர் கண்ணையும் பார்த்து எடுத்தேன். பிடுங்கிக் கொட்டினார்கள், அது அவர்கள் அசிங்கம். அதைக் குனிந்து பொறுக்கினால்தான் நாம் திருடி. கர்வம். பட்டினியில் நிமிர்ந்து நின்ற கர்வம். அதைப் போய் வெட்கம் என்று எடுத்துக்கொண்டு, வீடு மாற்றி, தெரு மாற்றி, ஊட்டோட இருந்தாங்க என்று பொய் சொல்லிச் சொல்லி, நாற்பத்து நாலு வருஷமாக நான்தான் பொறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன். அவள் அழுதாள், ஆனால் அது துக்கம் இல்லை, கோபம், உடம்பெல்லாம் சூடாக ஏறுகிற நல்ல கோபம். திரையில் மார்த்தாண்டன் தன் மரக்காலைக் கட்டிக்கொண்டு வெறுங்களஞ்சியத்தில் உட்கார்ந்திருந்தான். ஒரே ஒரு நெல்லைக் காதருகே வைத்துக் கேட்டான். சுபம் என்று வந்தது. விளக்கு எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், மனசாரத் தட்டினார்கள், தட்ட வேண்டிய படம்தான்.

சென்னியப்பன் மேடையில் கண் கலங்கி நின்றார். “அந்தக் கடைசி சீன்ல ஒரு பொம்பளை நேரா நம்மளப் பாக்கறா, கவனிச்சீங்களா? அம்பதுல! ஒரு சாதாரணக் கூலிக்காரிய அப்பிடிப் பாக்க வெச்சு, பாக்கறவங்க எல்லாரையும் குற்றவாளிக் கூண்டுல ஏத்திட்டாரு டைரக்டர். மேதைங்க, மேதை!” பிறகு அவர் முகம் மலர்ந்தது. “நம்ம வழக்கப்படி புதுசா வந்தவங்க ரெண்டு வார்த்தை. எங்களுக்குச் சீக்கிரமே ஒறம்பரை, சம்பந்தி ஆகப் போறவங்க. வாங்க, ராசாமணியம்மா.” மேகலா அவள் கையை அழுத்தினாள். ராசாமணி நடந்தாள். வெள்ளிக்கிழமை நிச்சயம். நடந்தால் நடக்கட்டும், நின்றால் நிற்கட்டும் என்று நினைக்க அவளால் முடியவில்லை, மகள் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. ஆனாலும் கால் நடந்தது. மைக் முன்னால் நின்றாள். படம் ரொம்ப நல்லா இருந்தது.

“படம் ரொம்ப நல்லா இருந்துதுங்க” என்றாள். “ஆனா டைரக்டர் யாரையும் பாக்க வெக்கலைங்க. பாக்காதேன்னுதான் சொன்னாரு. இவதான் பாத்தா. பாத்து முடிச்சப்ப அரிசி இல்லை, மறுக்கா எடுக்க முடியலை, அதனால அது படத்துல இருக்குது.” சென்னியப்பன் பக்கம் திரும்பினாள். “நீங்க மொதல்ல சொல்லிச் சிரிச்சீங்களே, மடியில கட்டீட்டுப் போனவங்கன்னு, அதுல ஒருத்தி பேரு நஞ்சம்மா. மில்லுல ரீலிங்ல வேலை பாத்தவ. ஊட்டோட இருந்தாங்கன்னு உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேனுங்க. என்ற அம்மா அவ. திருடறவ கேமராவைப் பாத்துக்கிட்டுத் திருடுவாளாங்க?” சென்னியப்பன் கண்ணாடியைக் கழற்றினார். எங்கேயோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. “அந்தக் கடைசிப் பெட்டிய இன்னொருக்காப் போடுங்க” என்றாள்.

“ஆறு மணிக்கு ஹாலைக் காலி பண்ணோணுமே, அம்மிணி” என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. அப்போதுதான் நாற்காலிகளுக்கு நடுவிலிருந்து அந்தக் குரல் வந்தது. சிரித்த அதே குரல், ஆனால் இப்போது அதில் பச்சைத் தகரக் கதவின் முன்னால் அம்மா குரலில் கேட்ட ஏதோ ஒன்று இருந்தது. “போடச் சொல்லுங்க மாமா” என்றாள் மேகலா, எழுந்து நின்றுகொண்டு. “நான் சிரிச்சிட்டேன். என்ற அம்முச்சிய நான் இன்னும் சரியாப் பாக்கலை.” தாமோதரன் ஒருவர் உத்தரவுக்கும் காத்திருக்காமல் சுருளைப் பின்னோக்கிச் சுற்ற ஆரம்பித்தார், அந்தக் கரகரப்பு அறை முழுக்கக் கேட்டது. சென்னியப்பன் போய் விளக்கை அணைத்தார். ராசாமணி மேடையிலிருந்து இறங்கவில்லை. திரைக்குப் பக்கத்திலேயே நின்றாள். செருப்பில்லாத கால்கள் நடந்தன, கதவு திறந்தது, ஜனம் வந்தது. இடது ஓரத்தில் கை உள்ளே போய் உமியோடு வெளியே வந்தது. அவள் ஒரு அடி முன்னால் வைத்தாள். வெளிச்சம் அவள் புடவையிலும் விழுந்தது. திரையில் அந்தப் பெண் நிமிர்ந்து அறுபது பேரையும் பார்த்தபோது, ராசாமணி கையை நீட்டி அந்த முகத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

“இவதான்” என்றாள்.